கரண்டியில் வந்த முதல் நன்மை

பிள்ளைகளே, இது நடந்து மூன்று வருஷமாகிறது. அன்று உயிர்த்த ஞாயிறு. இடம், நாங்கள் குடியிருக்கும் பலேர்மோவிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு பழைய மலை ஊர். பியானா தெலி அல்பனேசி என்று பெயர். உங்களில் சிலர் பள்ளிக்கூடத்தோடு போயிருப்பீர்கள்.

நான் இங்கே ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்கிறேன். மற்ற வருஷங்களில் உயிர்த்த ஞாயிறு என்றால் அவரின் பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் சாப்பிட வந்துவிடுவார்கள். எனக்குப் பெருநாள் முழுவதும் அவர்களின் குசினிக்குள்தான். அந்த வருஷம் சிஞ்ஞோரா மகளோடு மிலானுக்குப் போய்விட்டார். பலேர்மோவுக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஓர் உயிர்த்த ஞாயிறு எனக்கு முழுதாகக் கிடைத்தது.

எங்கே போகலாம் என்று வீட்டில் கேட்டேன். மனைவி கடற்கரை என்றார். மகள் ஒரேயடியாகப் "பியானா" என்றாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஊரில் அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் பொன் சரிகை உடுப்புப் போட்டு ராணிகளைப் போல வருவார்கள் என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறாள். என் மகளுக்கு அந்த நாட்களில் உடுப்பைத் தவிர வேறு யோசனையே இல்லை. ஏனென்றால் மே மாதம் அவளுக்கு முதல் நன்மை.

இதை வாசிக்கிற பிள்ளைகளில் சைவப் பிள்ளைகளும் இருப்பீர்கள். அதனால் ஒரு சின்ன விளக்கம். பூசையில் சுவாமியார் கொடுக்கிற அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். எங்கள் ஊர்க் கோயில்களிலும் பலேர்மோவின் கோயில்களிலும் சின்னப் பிள்ளைகள் அதை வாங்க முடியாது. இரண்டு மூன்று வருஷம் மறைக்கல்வி படித்து, சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, வெள்ளை உடுப்புப் போட்டு, ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து முதல் முறையாக வாங்குவார்கள். கலியாணம் மாதிரி ஒரு நாள் அது. மகளின் வெள்ளைச் சட்டை ஏற்கெனவே தைத்து அலுமாரிக்குள் தொங்கியது. பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் புத்தகப்பையைக் கூட வைக்காமல் போய் அலுமாரியைத் திறந்து பார்ப்பாள். சட்டை எங்கேயாவது நடந்து போய்விடும் என்ற பயம்போல.

சரி, பியானாவுக்கே போனோம். மகனுக்கு அப்போது இரண்டு வயது. காரில் ஏறியதும் நித்திரையாகிவிட்டான். வளைந்து வளைந்து மலை ஏறி, ஒரு திருப்பத்தில் கீழே பெரிய ஏரி ஒன்று தெரிந்தது. அதற்கு மேலே, சரிவிலே ஒட்டி வைத்தது போல ஊர்.

அந்த ஊரைப் பற்றி நான் நாள் முழுக்கச் சொல்லுவேன். கல் பதித்த பெரிய தெரு ஒன்று, இரண்டு பக்கமும் சிறு சந்துகள். தெரு முழுக்கக் கடை பரப்பியிருந்தார்கள். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பெரிய வட்டப் பாண், கூடைக்குள் இன்னும் சூடாக இருந்த றிகோத்தாப் பாற்கட்டி, தேன், அத்திப்பழம், செம்புப் பாத்திரம். ஒரு கிழவர் தள்ளுவண்டியில் சின்னக் கோழிக்குஞ்சு வைத்து விற்றார். எங்கள் பலாறோ சந்தையில் கத்துவது போல ஒருவரும் கத்தவில்லை. ஆனால் எல்லாரும் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாஷை இத்தாலியனும் இல்லை, சிசிலியனும் இல்லை.

தெருப் பெயர்ப் பலகைகளிலும் இரண்டு பாஷை இருந்தது. பாண் விற்ற அம்மாவிடம் விசாரித்தேன். அவர்களின் முன்னோர் அல்பேனியாவில் யுத்தம் நடந்த காலத்தில் கடல் தாண்டி ஓடி வந்தவர்களாம். வந்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலாம். அந்த அம்மா இதை ஏதோ போன கிழமை நடந்த விஷயம்போலச் சொன்னார்.

மகள் என் கையை இழுத்தாள்.

"அப்பா, இவையும் எங்களை மாதிரிச் சண்டைக்கு ஓடி வந்தவையோ?"

"ஓம் குஞ்சு. எங்களுக்கு நல்லா முந்தி."

"அப்ப இவைக்குப் பெர்மெசோ இருக்கோ?"

பெர்மெசோ என்றால் இந்த நாட்டில் இருக்கத் தருகிற அனுமதி என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிற சொல் அது. மனைவி சிரித்த சிரிப்பில் மகன் எழும்பிவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. அந்தத் தெருவில் மகளின் வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் சண்டை பிடித்ததும் அந்தப் பழைய பாஷையில்தான். ஐந்நூறு வருஷமாக ஒரு பாஷையைக் கையில் வைத்திருப்பது என்றால் சும்மாவா? நான் அந்த ஊரை அண்ணாந்துதான் பார்த்தேன்.

பிறகு பெரிய கோயிலுக்குப் போனோம். கத்தோலிக்கக் கோயில்தான், ஆனால் உள்ளே எல்லாம் வேறு மாதிரி. பீடத்துக்கு முன்னால் ஒரு சுவர், சுவர் முழுக்கப் பொன் நிறத்தில் புனிதர்களின் படங்கள். பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. ஆண்கள் நின்றபடி பாடிய பாட்டு நிலத்துக்கடியிலிருந்து கிளம்பி வருவது போல இருந்தது. முன்வரிசைகளில் சரிகை உடுப்புப் பெண்கள். சிவப்பு, பச்சை, நீலம், எல்லாவற்றிலும் பொன் நூல் வேலை. இடுப்பில் கையகலத்துக்கு வெள்ளிக் கொக்கி. மகள் கண் வெட்டவில்லை.

அவள்தான் முதலில் கவனித்தாள். "அப்பா, இவை சிலுவையை மற்றப் பக்கத்தாலை போடினம்!"

உண்மைதான். நாங்கள் இடமிருந்து வலம் போடுவோம், அவர்கள் வலமிருந்து இடம். நற்செய்தியைப் பல பாஷைகளில் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார்கள். அடுத்தது தமிழாக இருக்குமோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. அது என் ஆசை, அவர்கள் என்ன செய்வார்கள்.

மகன் திரும்பவும் நித்திரையாகிவிட்டதால் மனைவி அவனை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். நானும் மகளும் பக்கத்துச் சுவரோடு நின்றோம். பூசை முடிகிற நேரத்தில் ஆட்கள் வரிசையாக முன்னால் போகத் தொடங்கினார்கள். ஒரு சுவாமியார் கிண்ணத்திலிருந்து சின்னக் கரண்டியால் ஏதோ எடுத்து ஒவ்வொருவரின் வாயிலும் வைத்தார். வரிசையில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு தாய் கைக்குழந்தையையே நீட்டினாள். அதன் வாயிலும் கரண்டி போனது.

எங்கள் மன்னார்ப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் மந்திரித்த பாண் கொடுப்பார்கள். சின்னவர், பெரியவர், சைவ ஆட்கள், வேறு ஆட்கள், யாரும் வாங்கலாம். இதுவும் அப்படித்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். பால்குடிக் குழந்தை நன்மை வாங்கியதை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. அதனால் இது நன்மையாக இருக்க வழியே இல்லை.

"அப்பா, சின்னப் பிள்ளையளும் போகினம். நானும் போகட்டோ?"

"போயிட்டு வா."

போனாள். தலையில் கட்டியிருந்த பச்சை ரிப்பன் வரிசைக்குள் மெல்ல மெல்ல நகர்ந்தது. வாயைத் திறந்தாள், கரண்டி போனது. திரும்பி வந்தாள். என்னிடம் வராமல் நேரே தாயிடம் போனாள்.

"அம்மா, அந்தப் பாண் வைனுக்குள்ளை நனைஞ்சு இருந்தது."

மனைவி அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் அது என்ன என்று மெல்லக் கேட்டார். அவர் சொன்ன பதிலை மகளும் கேட்டுவிட்டாள். அது நன்மைதான். எங்கள் கோயிலில் வெள்ளை அப்பமாகக் கொடுப்பதை அவர்கள் பாணும் முந்திரிகை ரசமுமாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்றைக்கே நன்மையும் கொடுத்துவிடுவார்களாம்.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் மனைவி என்னைப் பிடித்தார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?"

"நான் அந்தோனியார் பாண் எண்டு நினைச்சன்."

"அந்தோனியார் பாணைக் கரண்டியாலையோ தீத்திறவை?"

நான் நினைத்த அந்த மந்திரித்த பாண் உண்மையில் பிறகுதான் வந்தது. வாசலில் கூடையோடு ஒருவர் நின்று, போகிற வருகிற எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

மகள் படியில் இருந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. கண்ணீர் மட்டும் தன்பாட்டில் வழிந்தது.

"அம்மா, இது பெக்காதோவா?" பாவத்துக்கு அவள் படித்த சொல் அதுதான், மறைக்கல்வி இத்தாலியனில்தானே நடக்கிறது. "நான் இன்னும் பாவசங்கீர்த்தனமும் செய்யேல்லை. இனி மே மாசம் எனக்குத் தரமாட்டினம். எல்லாரும் வெள்ளைச் சட்டையோடை நிக்க நான் பின்னுக்கு மரவாங்கிலை இருக்கோணும்."

தாய் அவளைத் தேற்றவில்லை. தேற்ற முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மனைவி சின்ன வயதிலிருந்தே கோயிலோடு வளர்ந்தவர். அவருக்கே அது பாவமா இல்லையா என்று தெரியவில்லை. எங்கள் பங்குச் சுவாமியார் என்ன சொல்லுவார், மறைக்கல்வி படிப்பிக்கிறவர் பிள்ளையின் பெயரை வெட்டிவிடுவாரோ என்ற யோசனை அவருக்குள்ளும் ஓடியது.

அந்த நேரம் ஊர்வலத்துக்காகச் சரிகை உடுப்புப் பெண்கள் வெளியே வந்து வரிசை கட்டினார்கள். அவர்களில் ஒருவர், பச்சைப் பாவாடை போட்டவர், அழுகிற பிள்ளையைக் கண்டு நின்றார். என்ன என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அவர் அந்தப் பொன் பாவாடையோடு தூசிப் படியில் மகளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார்.

மனைவி பதறிப்போனார். "ஐயோ சிஞ்ஞோரா, உடுப்பு!"

"இதற்கு என்னைவிட வயது அதிகம்" என்று சிரித்தார் அவர். "தாங்கும்."

வரிசையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஊர்வலம் கிளம்பியது. 'நீங்கள் போங்கள்' என்று கையைக் காட்டிவிட்டார். பெருநாளுக்கு மட்டும் போடுகிற உடுப்பு, உயிர்த்த ஞாயிற்றின் ஒரே ஒரு ஊர்வலம். முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக அதை விட்டார். பிறகு மகளின் கையைப் பிடித்து எழுப்பி, கோயிலின் பக்கத்துக் கதவால் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே, கரண்டியால் கொடுத்த அதே சுவாமியார். அங்கே சுவாமியாரைப் பப்பாஸ் என்கிறார்கள். நெஞ்சு வரை தாடி. அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் ஒரு சின்னப் பிள்ளை. பச்சைப் பாவாடைக்காரர் அவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார், பப்பாஸின் மனைவி என்று. அந்தச் சபையில் சுவாமிமார் கலியாணம் கட்டலாம்.

அழுதுகொண்டிருந்த மகள் அழுகையை நிறுத்திவிட்டு, தமிழில், கோயிலே கேட்கக் கேட்டாள்.

"சுவாமிக்கு மனுசி இருக்கோ?"

மனைவி அவள் கையைக் கிள்ளினார். பிள்ளை என்ன சொன்னாள் என்று பப்பாஸ் கேட்க, நான் வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இருக்கிறாள்" என்றார். "என்னைத் திட்டுகிற வேலையும் அவளுக்குத்தான்."

பிறகு முழங்காலை மடித்து மகளின் உயரத்துக்கு வந்தார். "நீதானே பச்சை ரிப்பன்? நீ வாயைத் திறந்த திறப்பிலேயே நினைத்தேன், இந்தப் பிள்ளை நல்ல பசியோடு வந்திருக்கிறாள் என்று."

மகள் சிரிக்கவில்லை. நேரே கேட்டாள், நான் செய்தது பாவமா என்று.

பெரியவர்கள் பலர் இந்த இடத்தில் 'சேச்சே, ஒன்றுமில்லை, போய் விளையாடு' என்று சொல்லியிருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. பெரிய ஆளிடம் கேட்பது போல அவளிடம் கேட்டார்.

"யாரையாவது ஏமாற்ற நினைத்தாயா?"

"இல்லை."

"விளையாட்டுக்கு வந்தாயா?"

"இல்லை. சாமிப் பாண் எண்டு நினைச்சு, கை கும்பிட்டுக்கொண்டு வந்தனான்."

இதை அவள் இத்தாலியனில்தான் சொன்னாள். எனக்கு அது தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

"தெரியாமல், கும்பிட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்கு எங்கேயிருந்து பாவம் வரும்?" என்றார். பிறகு திரும்பித் தன் மனைவியைக் கேட்டார், "உனக்கு உன்னுடைய முதல் நன்மை ஞாபகம் இருக்கிறதா?"

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? கைக்குழந்தை. கத்தினேனாம் என்று அம்மா சொல்லுவார்."

"எனக்கும் ஞாபகம் இல்லை" என்றார் பப்பாஸ். "இந்த ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. இந்தக் கோயிலில் வாங்கிய முதல் நன்மையை ஞாபகம் வைத்திருக்கப் போகிற ஆள் நீ ஒருத்திதான்."

மகள் யோசித்தாள். அவளின் தோள் மெல்லக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். ஆனால் அவளின் கேள்வி இன்னும் முடியவில்லை.

"அப்ப மே மாசம் நான் வெள்ளைச் சட்டை போடலாமோ?"

"அது உன் கோயில் சுவாமியார் சொல்ல வேண்டியது" என்றார். "இன்னொருவரின் வீட்டு விஷயத்தை நான் சொல்லக்கூடாது. நான் அவரோடு கதைக்கிறேன். ஆனால் நடந்ததை நீயே போய்ச் சொல்லு. அப்பாவுக்குப் பின்னால் ஒளியாதே." எங்கள் கோயிலின் பெயரைக் கேட்டுக்கொண்டார். அதற்குள் யாரோ அவரை வெளியே கூப்பிட்டார்கள்.

சதுக்கத்தில் சிவப்பு முட்டை கொடுத்தார்கள். பச்சைப் பாவாடைக்காரர் மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று கொண்டுவந்து தந்தார். மகன் தன்னுடையதைக் கோதோடு கடித்தான். எல்லாரும் சிரித்தோம், ஆனாலும் திரும்பி வருகிற வழியில் காருக்குள் மகள் கேட்டாள்.

"அந்தப் பப்பாஸ் கதைப்பாரோ, அப்பா?"

"கதைப்பார்" என்றேன். மனதுக்குள் எனக்கு நம்பிக்கை இல்லை. பெருநாளும் அதுவுமாக, அவ்வளவு சனத்துக்குள், எங்களை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் பங்குக் கோயிலுக்குப் போனோம். மகள் தான் தனியாக உள்ளே போவதாகச் சொன்னாள். நானும் மனைவியும் வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருந்தோம். மனைவியின் கையில் செபமாலை, ஆனால் மணி ஒன்றும் நகரவில்லை. எனக்கு அந்தக் கதவைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை.

கதவு திறந்தது. பங்குச் சுவாமியார் மகளின் தோளில் கை வைத்தபடி வந்தார்.

"இந்த விஷயம் எனக்கு ஞாயிறு பின்னேரமே தெரியும்" என்றார். "பியானாவிலிருந்து ஒரு பப்பாஸ் போன் எடுத்தார். நம்பர் தெரியாமல் மூன்று பேரிடம் கேட்டுத்தான் என்னைப் பிடித்தாராம். 'உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டது, கோபிக்காதீர்கள், முன்வரிசையில் விடுங்கள்' என்றார். இவள் தானாக வந்து சொல்லுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டாள்."

மகள் ஓடி வந்து தாயின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. தாய் அழுதார், அது தெரிந்தது.

மே மாதம் அவள் வெள்ளைச் சட்டை போட்டாள். முன்வரிசையிலேயே நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற இத்தாலியப் பிள்ளை பயத்தில் அழப் பார்த்தது. என் மகள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, பலேர்மோக்காரர் கதைக்கிற அதே இழுப்பில், பின்வரிசை வரை கேட்கச் சொன்னாள், "பயப்படாதே, நான் ஏற்கெனவே ஒருதரம் வாங்கினேன், ஒன்றும் செய்யாது!" மறைக்கல்வி படிப்பிக்கிறவர் திரும்பிப் பார்த்தார். மனைவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளை அழவில்லை. இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டே போனார்கள்.

தங்கள் பாஷையையும் பூசையையும் ஐந்நூறு வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் அந்நிய ஆட்களிடம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருப்பார்கள் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். பிள்ளைகளே, உங்களிடம் தமிழை விடாதே, வழக்கத்தை விடாதே என்று நாங்கள் ஓயாமல் சொல்லுகிறோம், அது சரிதான். ஆனால் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தெரியாமல் நம் வரிசைக்குள் வந்து நிற்கிற ஒரு வேற்றுப் பிள்ளையிடம் எப்படி நடக்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டித் தந்தது அந்த ஊர்தான், இன்றைக்கும் மலைப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர்களை நினைத்து என் மனம் கை கூப்புகிறது.